பதிவேட்டில் இடம்பெறாத தாய்மார்கள்

பெங்களூருவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துமகூரு மாவட்ட அரசு மருத்துவமனைக்கு, 2022 நவம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு, பிரசவ வலியுடன் ஒரு பெண் வந்தார். தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து அந்நகரில் வாழ்ந்துவந்தவர் அவர். அக்கம்பக்கத்தினர் பணம் திரட்டி ஆட்டோவில் அனுப்பிவைத்திருந்தனர். ஆதார் அட்டையும், கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்கு வழங்கும் "தாயி கார்டு" எனும் பேறுகால அட்டையும் அவரிடம் இல்லை. பெங்களூருவுக்குச் செல்லுமாறு கூறி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அதற்கான பணம் அவர் கையில் இல்லை. வீடு திரும்பியவர், இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கும் வேளையில் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். குழந்தைகள் இரண்டும் பிழைக்கவில்லை.

மருத்துவர் ஒருவரும் செவிலியர்களும் தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அப்போது மாநில சுகாதார அமைச்சராக இருந்த கே.சுதாகர் துமகூருக்கு விரைந்தார். அவசர சிகிச்சைக்கு ஆவணம் கேட்கக் கூடாது என்று மருத்துவமனைகளுக்கு நினைவூட்டப்பட்டது. எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. ஆனால், அந்த இரவு எழுப்பிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. அரசின் பேறுகாலத் திட்டங்கள் அனைத்தும் முன்கூட்டியே பெயர் பதிவு செய்து, அட்டை பெற்று, தவறாமல் பரிசோதனைக்கு வரும் தாயை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. அப்படி வர இயலாத தாயின் கதி என்ன?

அட்டை இல்லாமல் வரும் பெண்கள் பலதரப்பட்டவர்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் உண்டு. கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் உண்டு. சிறுமிப் பருவம் தாண்டாதவர்களும் உண்டு. இவர்களோடு, எதிர்பாராமல் கருவுற்று, அதை அறிவதற்கோ வெளியில் சொல்வதற்கோ மாதங்கள் கழிந்துபோனவர்களும் பெருமளவில் இருக்கிறார்கள். திட்டமிடாத கர்ப்பம் என்பது குடும்பத்தின் அந்தரங்க விவகாரம் என்று ஒதுக்கப்படுவதால், அது உயிரைப் பறிக்கும் சுகாதாரப் பிரச்னை என்ற உண்மை நாடாளுமன்ற விவாதங்களிலும் சட்டப்பேரவை விவாதங்களிலும் உரிய இடத்தைப் பெறுவதில்லை.

பாதிக்குப் பாதி

இது சிறுபான்மையினரின் பிரச்னை அன்று. உலகில் ஆண்டுதோறும் ஏற்படும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி, அதாவது 12 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள், திட்டமிடாதவை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022-ம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. அவற்றில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவை கருக்கலைப்பில் முடிகின்றன என்றும், உலகில் நடைபெறும் கருக்கலைப்புகளில் 45 சதவீதம் பாதுகாப்பற்றவை என்றும் அந்த அறிக்கை எச்சரித்தது.

இந்தியாவின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. 2015-ம் ஆண்டில் நாட்டில் 4 கோடியே 81 லட்சம் கர்ப்பங்கள் ஏற்பட்டதாகவும், அவற்றில் ஏறத்தாழ பாதி திட்டமிடாதவை என்றும், கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்றும் "லான்செட்" குழும மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு இது. அந்தக் கருக்கலைப்புகளில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகள் மூலம் நடைபெற்றவை. மருத்துவமனைகளில் நடைபெற்றவை 22 சதவீதம் மட்டுமே. கருக்கலைப்பு சட்டபூர்வமாக்கப்பட்டு 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும், நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான பெண்களே மருத்துவமனையின் வாயிலை மிதித்திருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

கர்நாடகத்தின் பேறுகால இறப்பு விகிதமும் கவனத்துக்குரியது. 2018-20 காலத்துக்கான பதிவாளர் துறையின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கேரளத்தில் 19, தெலங்கானாவில் 43, ஆந்திரத்தில் 45, தமிழகத்தில் 54 என்றிருந்த தாய்மார்கள் இறப்பு, கர்நாடகத்தில் 69. நாட்டின் சராசரியான 97-ஐக் காட்டிலும் குறைவு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், தென் மாநிலங்களில் கடைசி இடம் என்பதை மறைக்க இயலாது. தகவல் தொழில்நுட்பத்தின் தலைநகரம் என்று உலகம் போற்றும் பெங்களூருவைத் தன்னகத்தே கொண்ட மாநிலத்தின் நிலை இது.

நான்காவது தாமதம்

தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களான தாடியஸ், மெய்ன் இருவரும் 1994-ல் வகைப்படுத்தினர். சிகிச்சைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மருத்துவத் துறையினர் இன்றும் இந்த அளவுகோலையே கையாள்கின்றனர். திட்டமிடாத கர்ப்பத்தில் இவற்றுக்கெல்லாம் முந்தைய ஒரு தாமதமும் சேர்ந்துகொள்கிறது. கருவுற்றிருப்பதை அறிவதில், அறிந்தும் ஏற்றுக்கொள்வதில் ஏற்படும் தாமதம் அது. தாய்க்கும் சேய்க்கும் நேரும் ஆபத்துகளில் பல இந்தத் தாமதத்திலிருந்தே தொடங்குகின்றன.

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பெண் கவனிப்பதற்குள் இந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கருவுறுவதற்கு முன்பே அந்தச் சத்து உடலில் இருந்தாக வேண்டும். திட்டமிட்ட கர்ப்பத்தில் மருத்துவர் முன்கூட்டியே மாத்திரை தருவார். திட்டமிடாத கர்ப்பத்தில் அதற்கு வழியில்லை. தண்டுவடக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகள் பலருக்கும் நேர்ந்த துயரம், சில காசு விலையுள்ள ஒரு மாத்திரையால் தவிர்த்திருக்கக் கூடியது.

மருந்துகளின் பாதிப்பு இன்னொன்று. வலிப்பு நோய்க்குத் தரப்படும் சோடியம் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் வார்ஃபரின், ரத்த அழுத்தத்துக்கான சில வகை மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் ஆகியவை கருவைப் பாதிக்கக் கூடியவை. கருவுறத் திட்டமிடும் பெண்ணுக்கு மருத்துவர் மாற்று மருந்து தருவார். தான் கருவுற்றிருப்பதை அறியாத பெண் அதே மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்கிறார். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயுடன் கருவுறுவதும் இத்தகையதே. முதல் சில வாரங்களிலேயே கருவின் இதயத்தை அது பாதிக்கக் கூடும்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இழந்த இரும்புச் சத்தை உடல் மீட்டுக்கொள்ள அந்தக் காலம் தேவை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5-வது சுற்றின்படி (2019-21), நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். இடைவெளியின்றி மீண்டும் கருவுறும் ரத்தசோகைப் பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவிலான ரத்தப்போக்கே உயிருக்கு உலையாகிவிடும். முந்தைய பிரசவம் அறுவை சிகிச்சையாக இருந்தால், தழும்பு ஆறாத கருப்பை பிரசவ வலியின்போது கிழியும் அபாயமும் உண்டு. குழந்தைக்கோ குறைப்பிரசவமும், இரண்டரை கிலோவுக்கும் குறைவான எடையும் காத்திருக்கின்றன.

முதல் மூன்று மாதங்களுக்குள் பெயர் பதிவும், அதன் பின் குறைந்தது மூன்று முறை பரிசோதனையும் வேண்டும் என்பது நாட்டின் நடைமுறை. உயர் ரத்த அழுத்தம் வலிப்பாக முற்றுவதற்கு முன் கண்டறிவதும், இரட்டைக் கருவையும் நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வதும் இந்தப் பரிசோதனைகளில்தான். ஏழாம் மாதம் முதன்முறையாக வரும் பெண்ணுக்கு இந்த வாய்ப்புகளில் பாதி கைநழுவியிருக்கும். வலி கண்ட பின் வருபவருக்கு எதுவுமே மிஞ்சுவதில்லை.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் கருக்கலைப்பு மாத்திரைகளும் ஆபத்தில்லாதவை அல்ல. மருத்துவர் மேற்பார்வையில், ஒன்பது வாரத்துக்குள், உரிய அளவில் தரப்பட்டால் அவை பாதுகாப்பானவையே. ஆனால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை பயனளிக்காது. குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும்வரை பெண் அதை அறிய மாட்டார். அரைகுறையாகக் கலைந்த கருவால் ரத்தப்போக்கும் நச்சுத்தொற்றும் ஏற்படுகின்றன. இவ்வளவு ஆபத்திருந்தும் பெண்கள் மருத்துவமனையைத் தவிர்த்து மருந்துக் கடையை நாடுகிறார்கள் என்றால், மருத்துவமனையில் எதிர்கொள்ளும் கேள்விகளுக்கு அவர்கள் அஞ்சுகிறார்கள் என்றே பொருள்.

மனநலப் பாதிப்பு பற்றிப் பேசுவோர் அரிது. விரும்பாத கர்ப்பத்தைச் சுமந்த தாய்மார்களிடம் பேறுகால மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உணர்த்துகின்றன. இத்துறையில் நாட்டுக்கு வழிகாட்டிய பெருமை பெங்களூருவையே சேரும். தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒருங்கே அனுமதித்துச் சிகிச்சை அளிக்கும் இந்தியாவின் முதல் உள்நோயாளிப் பிரிவு, அந்நகரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009-ல் தொடங்கப்பட்டது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் நாடாளுமன்றம் பின்னர் விதி வகுத்தது. ஆனால், இத்தகைய பிரிவுகள் மாவட்டங்களை எட்டவில்லை.

மைசூர் காட்டிய வழி

இவ்விஷயத்தில் கர்நாடகத்துக்கு ஒரு முன்னோடி வரலாறு உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும், சர் மிர்சா இஸ்மாயில் திவானாகவும் இருந்த மைசூர் சமஸ்தானம், அரசு மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மையங்களைத் திறக்க 1930 ஜூன் 11-ல் உத்தரவிட்டது. ஓர் அரசே முன்வந்து இத்தகைய மையங்களை நடத்தியது உலகில் அதுவே முதல்முறை என்று கூறப்படுகிறது. அதே காலகட்டத்தில் தமிழகத்தில் பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தி எழுதினார். நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் பெண்களின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் அதை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது தேவை என்று அவர் வாதிட்டார்.

விடுதலைக்குப் பின் தில்லி வேறு பாதையில் நடந்தது. காந்தியவாதியான முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் துணையுடன், மாதத்தில் "பாதுகாப்பான நாள்களை" எண்ணிப் பின்பற்றும் முறை 1952-ல் இரண்டு இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஒன்று தில்லியின் லோதி காலனி. மற்றொன்று பெங்களூருக்கு அருகே உள்ள ராமநகரம். நாள்களை எண்ண உதவியாக வெவ்வேறு நிற மணிகள் கோத்த மாலைகள் பெண்களிடம் தரப்பட்டன. முயற்சி பலிக்கவில்லை. உலகுக்கே முன்னோடியாக மருத்துவமனைகளில் ஆலோசனை மையங்களைத் திறந்த சமஸ்தானத்தின் பெண்கள், இருபது ஆண்டுகள் கழித்து மணி எண்ணும்படி பணிக்கப்பட்டது வரலாற்றின் முரண்.

பின்னர் வந்தது நெருக்கடி நிலை. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலர் வற்புறுத்தப்பட்டவர்கள். அதே காலத்தில், 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் "மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும்" பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நெருக்கடி நிலை தந்த கசப்பால் அரசியல்வாதிகள் ஆண்களை அணுக அஞ்சினர். சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்திலும் தமிழகத்திலும் மணமான பெண்களில் 57 சதவீதத்துக்கும் அதிகமானோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். நாடு முழுவதும் ஆண்களின் பங்கு 0.3 சதவீதம் மட்டுமே.

இந்த எண்களைச் சாதனையாகக் கொண்டாடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. குழந்தைகள் போதும் என்று முடிவெடுத்த பெண்ணுக்கு அறுவை சிகிச்சை உதவும். முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் பெண்ணுக்கும், இரு குழந்தைகளுக்கு இடையே இடைவெளி விரும்பும் பெண்ணுக்கும் அதனால் பயனில்லை. திட்டமிடாத கர்ப்பத்தின் ஆபத்து கூடுதலாக உள்ளதும் இவ்விரு பிரிவினரிடம்தான்.

சட்டம் தந்ததும் தராததும்

1971-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவ ரீதியிலான கருக்கலைப்புச் சட்டம் அக்காலத்தில் முற்போக்கானது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஏற்று, மறைவிடங்களில் நாட்டு மருந்தாலும் குச்சியாலும் பெண்கள் உயிரிழப்பதைத் தடுக்கவே அது கொண்டுவரப்பட்டது. கருத்தடைச் சாதனம் பயனளிக்காமல் ஏற்படும் கர்ப்பத்தையும் கலைப்புக்கான காரணமாக அச்சட்டம் ஏற்றது. ஆனால், மணமான பெண்ணுக்கு மட்டுமே அந்தச் சலுகை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில் மக்களவையிலும் 2021 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய திருத்தம், "கணவர்" என்ற சொல்லை "துணைவர்" என்று மாற்றியது. குறிப்பிட்ட பிரிவினருக்கான காலவரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்ந்தது. மணமாகாத பெண்ணுக்கும் இந்த வரம்பு பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உடல் மீதான பெண்ணின் தீர்மானம் அந்தரங்க உரிமையின் பகுதி என்பதற்கு அடித்தளமிட்ட 2017-ம் ஆண்டுத் தீர்ப்பு, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில் பிறந்தது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

இருந்தும் 2023 அக்டோபரில் தில்லியில் நடந்தது என்ன? இரு குழந்தைகளின் தாயான 27 வயதுப் பெண் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு நின்றிருந்ததால் கருவுற்றதை அவர் அறியவில்லை. தெரியவந்தபோது 24 வாரம் கடந்திருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட மனநலப் பாதிப்புக்கு அவர் சிகிச்சை பெற்றுவந்தார். நீதிபதிகள் ஹிமா கோலியும் பெங்களூருவைச் சேர்ந்த பி.வி.நாகரத்னாவும் முதலில் அனுமதி அளித்தனர். எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரின் மின்னஞ்சலை அடுத்து இருவரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. நாகரத்னா அனுமதியில் உறுதியாக நின்றார். அக்டோபர் 16-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி மறுத்தது.

தீர்ப்பு சரியா, தவறா என்பதில் சட்ட வல்லுநர்கள் இருவேறு கருத்து கொண்டுள்ளனர். அந்த வாதத்தில் மறைந்துபோன ஒரு செய்தி உண்டு. பாலூட்டுவது கருத்தரிப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும். தாய்ப்பால் தவிர வேறு உணவு தரலாகாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு இல்லை. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடும். பிரசவ வார்டில் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லக்கூடிய இந்த உண்மை, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக முடிந்தது. ராமநகரத்தின் மணிமாலைக்கும் லோதி காலனியின் மணிமாலைக்கும் பின் எழுபது ஆண்டுகள் கழிந்தும், பெண்கள் நாள்களையும் நம்பிக்கையையும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டோடு நிற்கும் சலுகை

அரசுத் திட்டங்களின் நிபந்தனைகளும் இதே மனப்போக்கைக் காட்டுகின்றன. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர்கள் நீங்கலாக ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் பேறுகால உதவி என்று உறுதியளித்தது. அதைச் செயல்படுத்த வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது. 2022-லிருந்து இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் உண்டு. சட்டத்தில் இல்லாத நிபந்தனையைத் திட்டம் புகுத்தியது.

பேறுகால விடுப்பும் அவ்வாறே. 2017-ல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட விடுப்பு, மூன்றாவது குழந்தைக்கு 12 வாரமாகக் குறைகிறது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பெங்களூருவின் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மூன்றாவது முறை எதிர்பாராமல் கருவுறும் ஆலைத் தொழிலாளியின் உடல்தான் மற்ற எல்லோரையும்விட அதிக ஓய்வை வேண்டி நிற்கிறது. சட்டம் அவருக்கே குறைவான ஓய்வைத் தருகிறது. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மூன்றாவது குழந்தையைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட விடுப்பை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பெற்றுத் தந்தது. பேறுகால விடுப்பு பெண்ணின் மகப்பேற்று உரிமையின் அங்கம் என்று அத்தீர்ப்பு கூறியது. அந்தத் தீர்ப்பின் உணர்வு சட்டத்தில் இன்னும் ஏறவில்லை.

மக்கள்தொகை பெருகுவதைத் தடுக்கவே இந்த நிபந்தனை என்று அதிகாரிகள் கூறக் கூடும். 2019-21 கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்தில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.7, தமிழகத்தில் 1.8, நாட்டில் 2.0. பெருக்கம் என்ற அச்சத்துக்கே இடமில்லாத நிலையில் தாயைத் தண்டிக்கும் நிபந்தனை எதற்கு? இப்போது காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியுள்ளது என்பதும் கவனிக்கத் தக்கது. தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்களின் இடங்கள் குறையும் என்ற அச்சம் பரவிய சூழலில், 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலினும் குழந்தைகள் எண்ணிக்கை குறித்துப் பேசியது நாடெங்கும் விவாதமானது. மாநிலங்களின் பிரதிநிதித்துவம் குறித்த கவலை நியாயமானதே. அதற்கான தீர்வை அரசியல் சட்டத்தில் தேட வேண்டும். அன்று பெற வேண்டாம் என்றும் இன்று பெறுங்கள் என்றும் அரசியல் தேவைக்கேற்பச் சொல்லும்போது, சுமப்பவரின் உடல்நிலையைக் கேட்பவர் யாருமில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பேறுகால அட்டை சிகிச்சைக்கான அனுமதிச் சீட்டு அன்று என்பது சட்டமாக வேண்டும். அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தகுதியை நிரூபிக்கும் சுமையை ஏழைக் கர்ப்பிணி மீது சுமத்தக் கூடாது என்றும், மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் திட்டப் பயன்கள் தொடர வேண்டும் என்றும் 2010-ல் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.முரளிதர் அளித்த தீர்ப்பு வலியுறுத்தியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் துமகூருச் சம்பவம் நடந்தது. சுற்றறிக்கைகள் வாயிற்காவலரை எட்டுவதில்லை. பிரசவத்துக்கு வருபவரை முதலில் அனுமதித்து, அட்டையை மருத்துவமனையே பின்னர் தயாரித்துத் தரும் கடமை விதிக்கப்பட வேண்டும். ஒரு மாநிலத்தின் அட்டை மற்றொரு மாநிலத்தில் செல்ல வேண்டும். ஒசூரிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அத்திப்பள்ளி எல்லையில் கர்ப்பம் முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவதாக, பேறுகால நிதியுதவியிலும் விடுப்பிலும் உள்ள குழந்தை எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாசகம் அதையே கோருகிறது.

மூன்றாவதாக, 20 முதல் 49 வயது வரையிலான பெண்களுக்கு வாரம் ஒரு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வழங்க ரத்தசோகையற்ற இந்தியா திட்டம் 2018-லேயே வழி செய்துள்ளது. ஆலைகளுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் அது சென்றடைந்தால், திட்டமிடாத கர்ப்பத்திலும் கரு ஓரளவு காக்கப்படும்.

நான்காவதாக, ஊசி, வாராந்திர மாத்திரை, காப்பர்-டி ஆகிய தற்காலிக முறைகள் அறுவை சிகிச்சைக்கு இணையாக முன்வைக்கப்பட வேண்டும். பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் முன் ஒவ்வொரு தாயிடமும் செவிலியர் இதுபற்றிப் பேச வேண்டும். அவருடைய கணவரிடமும் பேச வேண்டும். 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை, மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதிக்கப்பட்ட ஒன்று. தமிழகத்தின் பல மருந்துக் கடைகளில் அது கிடைப்பதில்லை என்ற புகார் நெடுங்காலமாக உள்ளது. அதைத் தீர்க்காமல், பின்னர் நிகழும் கருக்கலைப்புகளுக்குப் பெண்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஐந்தாவதாக, சிறுமியர் பாதுகாப்பு. கர்நாடகத்தில் 20 முதல் 24 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 21 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. கருவுற்ற சிறுமி மருத்துவமனைக்கு வந்தால் போக்ஸோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பதால், குடும்பங்கள் அவர்களை மறைத்துவைக்கின்றன. இளம் வயதுப் பிரசவத்தில் ரத்த அழுத்த வலிப்பும் குறைப்பிரசவமும் கூடுதல். கருக்கலைப்பு நாடும் சிறுமியின் பெயர், அடையாளம் ஆகியவற்றை வெளியிட மருத்துவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022-ம் ஆண்டுத் தீர்ப்பு இடமளித்துள்ளது. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் அறிந்திருக்கும்படி செய்வது மாநில அரசின் கடமை.

இவற்றில் எதற்கும் பெரிய நிதியோ அரசியல் சட்டத் திருத்தமோ தேவையில்லை. பேறுகால இறப்பை 2030-க்குள் ஒரு லட்சத்துக்கு 70-க்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா. வகுத்த இலக்கு. நல்ல சாலையும் நல்ல மருத்துவமனையும் எளிதில் எட்டக்கூடிய தாய்மார்களைக் காப்பதன் மூலம் இதுவரையிலான முன்னேற்றத்தில் பெரும்பகுதி சாத்தியமாகியிருக்கிறது. எஞ்சியிருப்பவர்கள் தாமதமாக வருபவர்கள், அட்டை இல்லாமல் வருபவர்கள், சொல்லத் தயங்கி வருபவர்கள். ஏன் தாமதம் என்று கேட்பதற்கு முன் அவர்களை உள்ளே அனுமதிக்கும் மருத்துவமனைகளை உருவாக்குவதில்தான் அடுத்த கட்ட முன்னேற்றம் அடங்கியிருக்கிறது. 1930-ல் உலகுக்கு வழிகாட்டிய மண்ணிலிருந்தே அது தொடங்கட்டும்.